மீதமிருந்த அரை பாட்டில்

தம்பி,

முதலில் என் கண்ணில் பட்டது நிறம்தான். ஒரு திங்கட்கிழமைக் காலை, ஆய்வகத்தில் செல்களை வளர்க்கும் வெதுவெதுப்பான அலமாரியின் கதவைத் திறந்தேன். நடுத்தட்டில் ஆறு குடுவைகள் படுத்திருந்தன. நான்கில் மீடியம் என்கிற சத்துத் திரவம் ரோஸ் சிரப் கலந்த தண்ணீர் மாதிரி சிவப்பாகவே இருந்தது. கடைசி இரண்டில் மஞ்சள். எனக்கு அப்போது பதினேழு வயது. கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். மஞ்சள்தான்.

நீயே செல் ஆராய்ச்சி செய்கிறவன், உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை நம் கோவில் பங்கின் தமிழ் இதழுக்கும் கொடுக்கப் போகிறேன் என்பதால் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செல்கள் மும்முரமாகத் தின்று பெருகினால் அவை மூழ்கியிருக்கும் மீடியம் புளித்து மஞ்சளாகும். வயதாகிப் பெருகுவதை நிறுத்திவிட்ட செல்கள் இருந்தால் நாள்கணக்கில் சிவப்பாகவே கிடக்கும். அந்த ஆறு குடுவைகளிலும் இருந்தவை வயதான தோல் செல்கள். பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் பக்கத்துக்கு ஏதாவது தரும்படி இதழின் ஆசிரியர் என்னைக் கேட்டு ஆறு மாதமாகிறது. அமெரிக்காவுக்கு வேலைக்குப் புறப்படும் மகனுக்கு, வேளைக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே என்று எழுதுவேன் என்று அவர் நினைத்திருப்பார். நான் வேறு எழுதுகிறேன். உன் பெயரையும் என் பெயரையும் போடவில்லை. அச்சுக்குப் போகுமுன் உன் கையில்தான் தருவேன். உன்னைப் பற்றிய வரிகளை நீ அடித்துவிடலாம். என்னைப் பற்றிய வரிகளில் நீ கைவைக்கக் கூடாது. மூடிய இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு முப்பது ஆண்டுக்கு மேல் நிம்மதியாக இருந்துவிட்டேன். அதனால் இதைத் திறந்தே எழுதுகிறேன்.

நான் பதினைந்து வயதில் பள்ளியை விட்டேன். வீட்டில் கஷ்டம் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மையில்லை. வாய்மொழித் தேர்வில் ஒரு படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் விவரிக்கச் சொன்னார்கள். பஸ் நிறுத்தம், குடை பிடித்த ஒரு கிழவர், ஈரத்தில் நிற்கும் ஒரு நாய். எல்லாமே தெரிந்தது. வார்த்தைகளும் இருந்தன. வாய் திறக்கவில்லை. எதிரே இருந்த ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார், பிறகு நீ போகலாம் என்றார். அதற்குப் பிறகு நான் பள்ளிப் பக்கமே போகவில்லை. தேக்காவில் எங்கள் அடுக்குமாடி பிளாக்கில் இருந்த ஓர் அக்கா ஆய்வகம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தார். அங்கே பாட்டில் கழுவ ஆள் தேவை, யாரோடும் பேச வேண்டியிருக்காது என்று அவர் சொன்னதால்தான் அந்த வேலைக்குப் போனேன்.

அங்கேதான் டாக்டர் இருந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அம்மா. அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். என்னை 'பொண்ணே' என்றுதான் கூப்பிடுவார். ஆறு மாதம் நான் பாட்டில் கழுவுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள், "பொண்ணே, உன் கை நடுங்கவே மாட்டேங்குது. செல்லுக்குச் சாப்பாடு வைக்கிறியா?" என்றார். நான் தலையாட்டினேன். "வாயத் தொறந்து சொன்னா யாரும் வரி போட மாட்டாங்க" என்றார். அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி, செல்லுக்குத் தன் வயது எப்படித் தெரியும் என்பது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"உங்க தேக்காவுல பூக்கடை இருக்குல்ல? சரத்தை அறுத்துக் குடுக்கும்போது முனையில கொஞ்சம் வெறும் நூல் விடுவாங்க, முடிச்சுப் போட. செல்லுக்குள்ள இருக்கிற நூலுக்கும் அப்படி ஒரு முனை இருக்கு. டெலோமியர். செல்லு ரெண்டாப் பிரியிற ஒவ்வொரு தடவையும் அதுல கொஞ்சம் கொறையும். வெறும் நூல் தீந்து, பூவுல கைவைக்கிற நெலமை வந்தா செல்லு பிரியிறத நிறுத்திக்கும். அதுதான் வயசு."

"புத்துநோய்க்கு?"

"அது திருட்டுப் பய. கொறையக் கொறைய நூலை ஒட்டிக்கக் கத்து வச்சிருக்கு. நிறுத்தவே தெரியாது."

டாக்டரின் வேலை முழுக்க அந்த முனையைப் பற்றித்தான். நல்ல செல்லுக்கு அந்த நூலைக் கொஞ்சம் நீட்ட முடியுமா, புற்றுச் செல்லிடமிருந்து நூல் ஒட்டும் பசையைப் பிடுங்க முடியுமா என்று இரண்டு பக்கமும் தேடிக்கொண்டிருந்தார். நீ இன்று பெரிய பெயர் வைத்து ஆராய்கிற மருந்தும் அந்தப் பசையைப் பிடுங்குகிற மருந்துதானே. அப்படி ஒரு மருந்து வரும் என்று டாக்டர் எங்கள் சின்ன அறையில் உட்கார்ந்து சொன்னபோது நீ பிறக்கவே இல்லை. அந்த அறைக்கு அப்போது யாரும் பெரிதாக மதிப்புக் கொடுத்ததில்லை.

ஆய்வகத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் தனி மீடியம் பாட்டில், மாற்றவே கூடாது. எங்கள் வீட்டிலும் ஒரு சட்டம் இருந்தது. திறந்தது தீராமல் புதியதைத் திறக்கக் கூடாது. எண்ணெய், பால்மாவு, பற்பசை எதுவானாலும் அப்படித்தான். அந்த மஞ்சளுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நான்கு மணிக்குக் கோவிலில் பாடற்குழுப் பயிற்சி. பாடற்குழுவிலும் நான் வாயை அசைப்பதோடு சரி. ஆனால் தாமதமாக உள்ளே போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பயம் எனக்குப் பெரிதாக இருந்தது. மருந்து சேர்க்காத நான்கு குடுவைகளுக்கு ஊற்றியதும் வயதான செல்களின் பாட்டில் தீர்ந்துவிட்டது. நூலை நீட்டுமா என்று பார்க்க டாக்டர் மருந்து சேர்த்த இரண்டு குடுவைகள் பாக்கி. புதுப் பாட்டிலை எடுத்துச் சூடேற்ற அரை மணி நேரம் ஆகும். பக்கத்திலேயே புற்றுச் செல்களின் பாட்டில் பாதி மீதியோடு நின்றது. அதே மீடியம், அதே நிறம், சூடாகவும் இருந்தது. இதை வைத்துக்கொண்டு புதியதைத் திறப்பதா என்று கை தானாகப் போனது. ஊற்றிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். புற்றுச் செல்லைத் தொட்ட குழாய் எந்த நாளிலோ அந்த பாட்டிலுக்குள் திரும்பப் போயிருக்க வேண்டும். ஒரு செல் போதும் என்று உனக்குத் தெரியும்.

மூன்று வாரம் கழித்துத்தான் அந்த மஞ்சள். தம்பி, அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தினமும் புற்றுச் செல் குடுவைகளில் நான் பார்க்கிற அதே மஞ்சள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது டாக்டர் வந்தார். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பொண்ணே, மருந்து ஊத்தின ரெண்டு மட்டும்" என்றார். கிழட்டுச் செல்கள் மறுபடி இளமையாகிவிட்டன என்று நினைத்தார். மத்தியானம் எல்லோருக்கும் பொரித்த வாழைப்பழம் வாங்கி வந்தார். என் கையிலும் ஒன்று கொடுத்து, "இது உன் கைராசி" என்றார். அதைத் தின்றேன். சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இருட்டான அந்தச் சின்னக் கூண்டில், முகம் தெரியாத வலைக்குப் பின்னால் இருந்தவரிடம் எனக்குப் பேச்சு வந்தது. பாட்டில், பஸ், பொரித்த வாழைப்பழம் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாதருக்குப் பாதி புரிந்திருக்காது. ஆனால் ஒன்று தெளிவாகச் சொன்னார். "இத அந்த டாக்டரம்மாகிட்டயே போய்ச் சொல்லும்மா." சரி ஃபாதர் என்றேன். மூன்று 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். மூன்றையும் முழங்காலில் நின்று சொன்னேன். வெளியே வந்தபோது உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. அந்த லேசையே, வேலை முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டேன். கடவுளிடம் சொல்லியாயிற்று, இனி டாக்டரிடம் எதற்கு என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அந்த அரை பாட்டில் என்று நீ நினைக்கலாம். அது கைத்தப்பு, யாருக்கும் நேரும். பெரிய தப்பு அந்தப் பஞ்சு உடம்போடு வீட்டுக்கு நடந்து போனது.

டாக்டர் அந்த முடிவை வெளிநாட்டில் ஒரு கூட்டத்தில் சொன்னார். செல்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினார். சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நீங்கள் அனுப்பியவை இளமையான தோல் செல்கள் இல்லை, ஊரறிந்த புற்றுச் செல்கள் என்று எழுதியிருந்தார்கள். அன்று டாக்டர் எல்லோரையும் கூட்டிவைத்துக் கடிதத்தைப் படித்துக் காட்டினார். யார் ஊற்றியது என்று அவர் கேட்கவே இல்லை. "என் கண் முன்னாடி இருந்துச்சு. நான் ஆசப்பட்டதத்தான் பாத்தேன். தப்பு என்னோடது" என்றார். நான் கதவருகே கழுவிய பாட்டில் தட்டோடு நின்றேன். தட்டு ஆடவில்லை. என் கைதான் நடுங்காத கையாயிற்றே. மறு ஆண்டு அந்த ஆய்வகத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு டாக்டர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போய்விட்டார், சொந்த ஆய்வகம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. போகுமுன் எனக்கு ஒரு சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்தார். சுத்தமான கை, நம்பலாம் என்று. அந்தத் தாளைக் காட்டித்தான் அடுத்த ஆய்வகத்தில் சேர்ந்தேன். நீ நம் புக்கிட் பாஞ்சாங் வீட்டில் தின்று வளர்ந்ததெல்லாம் அந்தத் தாளால்தான்.

நீ முதலாண்டு படிக்கும்போது ஒருநாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாய். "ம்மா, இன்னிக்கு லெக்சர்ல செம காமெடி. அந்தக் காலத்துல இங்க ஒரு டாக்டரம்மா கேன்சர் செல்ல வச்சிக்கிட்டு, சாகாத செல்லு கண்டுபுடிச்சிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்களாம்லா." அப்பா சிரித்தார். நான் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றேன். அந்தக் கணத்தில் கரண்டியை வைத்துவிட்டு, அந்த அம்மாவை அப்படி ஆக்கியது உன் அம்மா என்று சொல்லியிருக்கலாம். உன் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டேன். டாக்டரிடம் சொல்லாமல் இருந்ததை ஒன்று என்று வைத்தால் இது இரண்டாவது தடவை.

போன ஞாயிறு மூன்றாவது. பூசை முடிந்து நாம் இருவரும் தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்திருந்தோம். நீ தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாய், குடிக்கவில்லை. "ம்மா, நான் மருந்து ஊத்திப் பாத்த செல்லுல மைக்கோபிளாஸ்மா இருந்துச்சு" என்றாய். இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், அது ஒரு கிருமி. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. செல்லைக் கொல்லாது, வளரவிடாமல் சோர வைக்கும்.

"எப்ப டெஸ்ட் பண்ணுன?"

"என் ஆராய்ச்சிப் பேப்பர் வந்தப்புறம். சும்மா பழைய ஸ்டாக்க செக் பண்ணினேன்."

"அப்போ செல்லு வளராம நின்னது மருந்தாலயா, கிருமியாலயா?"

"தெரியல. அதான் பிரச்சன."

"ப்ரொஃபசர் என்ன சொன்னாரு?"

"மருந்து வேல செய்யும்னு அவருக்கு ஷ்யூர். புது செல்லுல பிறகு பண்ணிக்கலாம், போற நேரத்துல எதுக்குக் கிளறுறன்னாரு."

"நீ?"

"ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன்மா. மனசு லேசாயிருச்சு."

உன் முகத்தில் அந்தப் பஞ்சைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன், தம்பி, சத்தியமாகத் திறந்தேன். "தேத்தண்ணி ஆறிடுச்சு, குடி" என்றுதான் வந்தது. ஐம்பத்தொரு வயதிலும் நான் அந்த வாய்மொழித் தேர்வு மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். எழுத எனக்கு வரும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அவன் கப்பல் ஏறியாச்சு, நீ நங்கூரத்தப் போடாத" என்றார். இருபத்தெட்டு ஆண்டு கப்பல் பட்டறையில் இருந்த மனிதர், பேச்செல்லாம் அப்படித்தான். நான் கேட்டேன், "வெல்டிங்ல ஓட்டை இருந்தா பெயிண்ட் அடிச்சு அனுப்பிருவீங்களா?"

"அது வேறலா."

"எப்படி வேற?"

"கப்பல்னா முழுகிரும்ல, ஆளு இருப்பாங்க உள்ள."

சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அதற்குப் பிறகு நங்கூரத்தைப் பற்றிப் பேசவில்லை.

உன் மருந்துக்குள்ளும் ஆள் இருப்பார்கள். உன் கட்டுரையை நம்பி ஒருவர் அடுத்த படி ஏறுவார், அவரை நம்பி இன்னொருவர். ஒருநாள் பாசிர் ரிஸ்ஸிலோ பிடோக்கிலோ, வேறு வழியில்லை என்று சொல்லப்பட்ட ஒரு மனிதர் கையை நீட்டுவார், அந்த மருந்தை அவர் நரம்பில் ஏற்றுவார்கள். அது வேலை செய்கிற மருந்தாகவே இருக்கலாம். இருக்க வேண்டும் என்றுதான் நானும் வேண்டுகிறேன். ஆனால் இருக்கிறதா என்று உனக்குத் தெரியாது. தெரியாது என்பது நம் வீட்டையும் உன் பேராசிரியரையும் பாவசங்கீர்த்தனக் கூண்டையும் தவிர யாருக்கும் தெரியாது. என்னைப் போல நீயும் சொல்ல வேண்டிய ஆளை விட்டுவிட்டுக் கடவுளிடம் போயிருக்கிறாய். கடவுள் உன் கட்டுரையை வாசித்து மருந்து தயாரிக்கப் போவதில்லை.

அதனால் அந்தக் கட்டுரையை வெளியிட்டவர்களுக்கு நீயே எழுது. இன்ன தேதியில் சோதித்தேன், இது இருந்தது, முடிவை நம்ப வேண்டாம், மறுபடி செய்கிறேன் என்று நான்கு வரி போதும். அதிகம் அழ வேண்டாம். உன் பேராசிரியருக்குப் பிடிக்காது. பிடிக்க வேண்டாம். அவர் ஒருமுறை என்னைப் பார்த்து, "உங்க பையன் பண்றது உங்களுக்குப் புரியாது ஆண்டி, ஆனா பெருமைப்படுங்க" என்றார். முப்பது ஆண்டுக்கு மேல் செல்களுக்கு ஊற்றியவள் நான். அவர் பேர் போட்ட கட்டுரைகளில் பாதிக்கு மீடியம் ஊற்றியது என்னைப் போல் பள்ளியை விட்ட யாரோ ஒருத்தி. குடுவை கலங்கினால் எங்களுக்குத்தான் முதலில் தெரியும். எங்களை யாரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. அந்தப் பழக்கத்தை என்னோடு முடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். அவர் உன்னை எந்தக் கூட்டத்திலும் நிற்க வைக்கட்டும். டாக்டர் நின்றார், தான் செய்யாத தப்புக்கு. நீ செய்த தப்புக்கு உன்னால் நிற்க முடியாதா?

அமெரிக்க வேலை போய்விடுமே என்பாய். போனால் போகட்டும். பெட்டி கட்டியாயிற்று, டிக்கெட் எடுத்தாயிற்று, சொந்தக்காரர்களெல்லாம் வந்து கை குலுக்கியாயிற்று, அதெல்லாம் எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். சித்தி ஏன் என்று கேட்டால், என் மகன் உண்மையைச் சொன்னான் அதனால் வீட்டில் இருக்கிறான் என்பேன். ஒருவேளை, சொன்னதற்காகவே அங்கே உன்னை மதித்து எடுத்துக்கொள்வார்கள். அப்படி நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. நடக்காவிட்டாலும் எழுது. நீ ஆராய்ச்சியே இல்லாமல் இங்கே பாட்டில் கழுவினாலும் எனக்கு வெட்கமில்லை. அந்த வேலையில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெட்கம் வேறு இடத்தில் இருந்தது, அதை இன்றோடு இறக்கிவைக்கிறேன்.

நான் செய்யாததை உன்னிடம் கேட்க எனக்கு உரிமை கிடையாது. இதை எழுதிக்கொண்டு வரும்போதே அது எனக்கு உறைத்துவிட்டது. டாக்டர் பிடோக்கில்தான் இருக்கிறார், தனியாக. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நான் கேக் செய்து ஒரு பை எடுத்துப் போவேனே, அது அவருக்குத்தான். வாசல் கம்பிக் கேட்டில் மாட்டிவிட்டு பெல் அடிக்காமல் திரும்பிவிடுவேன். ஆறு வயதில் ஒருமுறை நீயும் கூட வந்தாய். "ஏம்மா பெல் அடிக்கல?" என்று லிஃப்டில் கேட்டாய். தூங்கிக்கொண்டிருப்பார் என்றேன். பகல் பதினொரு மணி.

இந்தக் கடைசிப் பக்கத்தை அவருடைய பிளாக்கின் கீழ்த்தளத்தில், கல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். மீதியை இப்போது வீட்டில் எழுதுகிறேன். இன்று கேக் எடுத்துப் போகவில்லை, கையில் ஒன்றுமே இல்லை. ஒன்பதாம் மாடிக்குப் போனேன். பெல்லை அழுத்தினேன். உள்ளே செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது, நிறைய நேரம் கேட்டது. கதவு திறந்து, கேட்டின் கம்பிகளுக்குப் பின்னால் வெள்ளை முடியோடு அவர் நின்றார். "யாரும்மா?" என்றார்.

"பாட்டில் கழுவுற பொண்ணு, டாக்டர்" என்றேன். "அந்த ரெண்டு குடுவைக்கும் பாட்டில மாத்தி ஊத்துனது நான்தான்."